கூப்பிட்டது வாயைத்தான்

என் வீட்டுக்காரருக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புண் வந்து ஆறாமலே கிடந்தது. பாக்கு போடாதீர்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு வைக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் நாளில் இருவரும் மேலப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கொக்கிரகுளம் பாலம் தாண்டும்போது அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காது, மூக்கு, வாய் என்று எல்லா நோயாளிகளும் ஒரே வராந்தாவில் இருந்தோம். நர்ஸ் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து, "மவுத் யாரு? மவுத் ரிசல்ட் வந்துட்டு" என்றாள். இங்கிலீஷில் அது வாய். பத்தாவது படித்த எனக்கும் தெரியும், துபாயில் கடையில் நின்ற அவருக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருக்களில் அது அரபுச் சொல். மவுத்து என்றால் சாவு. தொழுகை நேரமில்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக் கரகரத்தால் தெருவே அடங்கிவிடும், இன்னார் மவுத்து என்று அறிவிக்கப்போகிறார்கள் என்று. காதில் விழுந்ததும் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட வேண்டும். இறைவனுக்கே உரியவர்கள் நாம், அவனிடமே திரும்புகிறோம் என்று பொருள். யோசிக்காமலே வந்துவிடும்.

அவருக்கும் வந்துவிட்டது. தனக்கே சொல்லிக்கொண்டார்.

"வாயக் கழுவுங்க. உயிரோட இருந்துக்கிட்டு என்ன பேச்சு பேசுதீங்க" என்று தொடையில் கிள்ளினேன்.

"எந்திரிக்க முடியல பிள்ள. கால் வரமாட்டேங்கு" என்றார்.

நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். நான்தான் எழுந்து "நாங்கதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்ல. இப்போதைக்கு இல்ல. இனிமே பாக்கைத் தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியிலேயே இவர் சட்டைப்பையிலிருந்த பாக்கு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதைச் சாக்கடையில் வீசினேன்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் மவுத்து. பக்கத்து வீடுகளில் எல்லோரும் "இன்னா லில்லாஹி" சொல்வது கேட்டது. எப்போதும் முதலில் சொல்கிற மனுஷன், கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ சொல்லு பிள்ள. எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு பேருக்குமாக நானே சொன்னேன்.