கறுப்புச் சேவலுக்குக் கட்டிய பேனர்

டிசம்பர் பிறந்துவிட்டால் மலாக்கா பக்கத்து மெர்லிமாவில் மழை விடவே விடாது. துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், ராகினிக்குக் கோபம் வரும். மற்ற வருடங்களில் அந்தக் கோபத்துக்குத் துணி காரணம். இந்த வருடம் புருஷன் காந்தன்.

தாமான் குடியிருப்பில் அவள் வீட்டின் பின்பக்கம், சாக்கடை ஓரமாக, அவள் கொஞ்சம் கம்போங் கோழிகள், நாட்டுக்கோழிகள்தான், வளர்க்கிறாள். அவற்றில் ஒரு கறுப்புச் சேவல் மட்டும் அவளுடையது அல்ல, முனியாண்டி சாமியுடையது. போன வருடம் காந்தன் ஓட்டிய லோரி கவிழ்ந்து, அவர் மலாக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, செம்பனைத் தோட்டத்துக் கோயிலுக்கு அவள் நேர்ந்துகொண்டது. கடையில் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. குஞ்சிலிருந்து தன் கையால் தீனி போட்டு வளர்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்துவதாகச் சொல்லியிருந்தாள். தை மாதப் பூசைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதுவரை சேவல் நன்றாக இருந்தால் போதும் என்பதுதான் அவள் கவலை.

மழைக்காலத்தில் கோழிக்குச் சளி பிடித்தால் கூடே காலியாகிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் ஈர மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்த தூளைப் பரப்புவாள். சின்ன வெங்காயத்தைப் பொடியாய் அரிந்து, மஞ்சள் தூளோடு சோற்றில் பிசைந்து வைப்பாள். இத்தனையும் அவளுக்குச் சிரமமே இல்லை. காந்தன் சும்மா இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனுஷனை டாக்டர் சும்மா இருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே, என்ன செய்வது?

முதலில் பிளாஸ்டிக் தாளால் கூட்டை மூடினார். அவள் பிய்த்து எறிந்தாள். பிறகு அரிசிச் சாக்கைக் கட்டினார். அவிழ்த்துப் போட்டாள். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கூட்டைச் சுற்றிப் போன வருடத் திருவிழா பேனர். முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாக முனியாண்டி சாமி முன்பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டினால் அவிழ்த்துவிடுவாள் என்று, சுற்றிலும் ஆணி அடித்திருந்தார் காந்தன்.

"என்னங்க இது?"

"கோழி நனையுது லா. குளிரு பிடிச்சிக்கும்."

"கோழி குளிரு தாங்கும்ங்க. இப்படி மூடி வச்சா எச்ச வாடைதான் கொல்லும். காத்து வந்து போவணும்."

"இத ஒன்னால பிச்சி எறிய முடியாதுல்ல. சாமி படம்," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவளால் முடியத்தான் இல்லை. பிய்த்தால் சாமி கிழிவார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்க அடைமழை. ஒருநாள் காலை கூட்டுக் கதவைத் திறந்தபோது வாடை குப்பென்று அடித்து அவள் கண்ணே எரிந்தது. கறுப்புச் சேவல் மூலையில் ஒடுங்கி, வாயைப் பிளந்து கர் கர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கண் போனால் சேவல் குறைப்பட்டதாகிவிடும். குறைப்பட்டதைச் சாமி முன்னால் நிறுத்த முடியாது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த காந்தன், "செத்தா போவுது. பாசார்ல வேற கறுப்புச் சேவலு வாங்கிக்கலாம்," என்றார்.

ராகினி விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டாள். பேனரின் மேல்பகுதியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீளமாக வெட்டி எடுத்தாள்.

"அடியே, சாமி தலப்பாவ வெட்டுறியே."

"சாமிக்குத் தலப்பா இல்லாட்டி பரவால்ல. சேவலுக்குக் கண்ணு வேணும்."

சேவலைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் அட்டைப்பெட்டியில் வைத்து, கண்ணை உப்பு போட்ட வெந்நீரில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். மற்ற கோழிகள் கூட்டில் காற்று வாங்கித் தேறின. வேலைக்கு லீவு போட்டதற்கு மேனேஜரிடம் பேச்சு வாங்கினாள். வீங்கின கண் மெல்லத் திறந்தது, இழுப்பு நின்றது. ஒரு விடியற்காலை அடுப்படியிலிருந்தே சேவல் தெருவுக்குக் கேட்கும்படி கூவியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே காந்தன் ஜொகூரில் இருக்கும் மகள் அகல்யாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா சாமி பேனரக் கட்டுனேம்மா, அதான் சேவலு பொழச்சிச்சு. ஒங்கம்மாவுக்கு எங்க தெரியுது. கத்தரிக்கோல எடுத்துட்டா."

ராகினிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. போனைப் பிடுங்கப் போனவள் பாதியில் நின்றாள். ஆஸ்பத்திரியில் அவர் தொண்டைக்குள் குழாய் போட்டுக் கிடந்தபோது, இந்த மனுஷன் எழுந்து நடக்காவிட்டாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து பேசினால் போதும் என்றுதான் அவள் நேர்ந்துகொண்டிருந்தாள்.

அவர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். கேட்டதைச் சாமி கொஞ்சமும் குறைவைக்காமல் கொடுத்திருந்தார்.