கண்ணாடியில் மூன்று எழுத்து

பட்டாள லாரிக்கு இந்தி தெரியும் என்று ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வகுப்பில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். காலையில் அப்பா அந்த லாரியின் மூக்கைத் தட்டி, "சல் பேட்டா, சல்" என்பார், கிளம்புடா மகனே என்று அர்த்தம். அது இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பும். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு கூட்டாளிகளைக் கல் குவாரிக்குக் கூட்டிப்போய், பம்பரில் ஏறி நின்று அரைமணி நேரம் "சல் பேட்டா" சொன்னேன். வண்டி அசையவில்லை. என் உச்சரிப்பு சரியில்லை, அது வடநாட்டு உச்சரிப்புக்குத்தான் கிளம்பும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் அதையும் நம்பினார்கள். அந்த வகையில் நான் தனி ஆள் இல்லை.

அப்பா பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஆவூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் மகன் என்றால் ஒரு மரியாதை உண்டு. அதைக் கெடுத்தது அப்பாவேதான். எத்தனை பேரைச் சுட்டீங்க என்று யாராவது கேட்டால், "சுடவெல்லாம் இல்லப்பா, பருப்பு ஏத்துனேன்" என்பார். வடக்கே ஒரு சப்ளை டிப்போவில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. மலைமேல் காவல் இருக்கிறவர்களுக்குக் கோதுமை மாவு, பருப்பு, மண்ணெண்ணெய், அங்கே சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுக்குப் புல்லுக்கட்டு, எல்லாம் அந்த டிப்போவிலிருந்துதான் போகும். நான் வகுப்பில் புல்லுக்கட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வெடிகுண்டு என்று மாற்றிச் சொல்வேன்.

அந்த லாரியும் பருப்பு ஏற்றிய வண்டிதான். அதன் வாழ்க்கை வரலாற்றை அப்பா ஒரு மனிதனுடையதைச் சொல்வதுபோலச் சொல்வார். தெம்பு இருந்த காலத்தில் மலைக்குப் போனது. வயதானதும் டிப்போவுக்குள்ளேயே கோடவுனுக்குக் கோடவுன் மூட்டை அடித்தது. பிறகு ஒருநாள் நாலு ஆபீசர்கள் வந்து சுற்றிப் பார்த்து, இனி இதற்குச் செலவழித்துப் பயனில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஏலத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல் ஏற்றவும் கிணற்றுக்குப் போர் போடவும் ஓடிய வண்டிகளில் நிறைய, இப்படி ஏலத்தில் வந்தவைதான். கைமாறிக் கைமாறி இது குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குவாரிக்கு வந்து சேர்ந்தது. இதன் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று குவாரி முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

மேலே மஞ்சள் பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் அடியில் பச்சை தெரியும். பின்பக்கம் அடியில், அச்சின் நடுவிலிருந்த உருண்டைக்கு வெள்ளை அடித்து, அதற்குமேல் ஒரு குட்டி பல்பு வைத்திருந்தார்கள். எதிரிக்குத் தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற டிரைவருக்கு அந்த வெள்ளை மட்டும்தான் வழியாம்.

இன்னொன்று, அதற்குச் சாவி கிடையாது. சுவிட்சைத் திருகிப் பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். அவசரத்தில் எவன் பையில் போய்ச் சாவியைத் தேடுவது என்று அப்படிச் செய்தார்களாம். ஆகவே பழுதான வண்டியை யாரும் எடுத்துவிடாமல் தடுக்க டிப்போவில் ஒரே ஒரு பூட்டுதான் உண்டு. அது சாக்பீஸ். பழுதைக் கண்டவன் முன்கண்ணாடியில் இங்கிலீஷில் பெரிதாக வி.ஓ.ஆர். என்று எழுதுவான். வெஹிக்கிள் ஆஃப் ரோடு, ரோட்டில் எடுக்கக்கூடாத வண்டி என்று அர்த்தம். எழுதியவனே சரிபார்த்து, எழுதியவனே அழிக்க வேண்டும். கர்னலாக இருந்தாலும் வேறு ஆள் தொடக்கூடாது.

டிப்போவில் ஒருத்தன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று எழுதாமல் போனானாம். அந்த வண்டி மலையிலிருந்து திரும்பவில்லை. அதில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் முகம் வேறு ஆளின் முகமாகிவிடும். "எழுதாம விட்டவன் மனுசனே இல்லடா" என்பார். குவாரியில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும் கண்ணாடியில் வெள்ளையாக எதையாவது கண்டால் கை வைக்கக்கூடாது என்று எல்லாருக்கும் பழக்கியிருந்தார்.

லாரியை ஓட்டியவர் மாமா. அப்பாவின் ஒரே தங்கையின் கணவர். அப்பாதான் அவரை அங்கே சேர்த்துவிட்டார். என் இந்தி ஆராய்ச்சி அவர் காதுக்கும் போயிருந்தது. "ஒங்கப்பாரு இந்தியில கொஞ்சிக் கொஞ்சி இதக் கெடுத்து வச்சிருக்காரு மாப்ள. நா தமிழ்ல நாலு வசவு விட்டாத்தான் மேட்டுல ஏறுது" என்பார். மச்சினனும் மச்சானும் அந்த வண்டியை வைத்தே ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாமா அத்தையோடு கீரமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த அப்பா பிரேக் ஆயில் கசிகிறது என்றார். வாஷர் செட் திருச்சியில்தான் கிடைக்கும். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்குமுன் சாக்பீஸை எடுத்துக் கண்ணாடியில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் என் முழங்கை நீளம் இருந்தது.

மறுநாள் பூஜை. நாங்கள் மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரர்கள், அது எங்கள் பண்டிகை இல்லை. ஆனால் பொரிக்கும் கடலைக்கும் மதம் கிடையாது என்பதால் காலையிலேயே குவாரிக்குப் போய்விட்டேன். கம்ப்ரசரைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி என்னைப் பார்த்ததும், "டேய் பட்டாளத்தார் மகனே, பொரிக்கு மட்டும் வந்து நிக்கிறியே. லாரியக் கழுவுடா. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

மற்றப் பையன்கள் சக்கரத்தை எடுத்துக்கொண்டார்கள். முன்கண்ணாடி எனக்கு. எழுத்தைப் பார்க்கவில்லை, தெரியாமல் அழித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பார்த்தேன். எனக்கு அதில் தெளிவான திட்டமே இருந்தது. இன்றைக்கு எந்த வண்டியும் ஓடாது. அப்பா நாளைக்கு வந்துவிடுவார். அதற்குள் நானே திரும்ப எழுதிவிடலாம். மூன்று எழுத்துதானே, நான் இருபத்தாறும் படித்தவன். கர்னலே தொடக்கூடாததை ஈரச் சாக்கை வைத்துத் தேய்த்து அழித்தேன். அந்த இடத்தில் மூன்று சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு பொரி வந்தது, அவல் வந்தது, வெல்லம் வந்தது. சட்டையைத் தூக்கி மடியாக்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எழுத்து நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போதுதான் நினைவு வந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். எடுத்துக்கொண்டுதானே ஓடினோம் என்று பல வருடம் இதை எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தேன். போனபோது லாரி அங்கே இல்லை. தரையில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"மாமா காலையிலயே வந்து எடுத்துட்டாருல்ல" என்றார் மேஸ்திரி. "நல்ல நாளு, ஒரு நடை மட்டும் அடிச்சிட்டு வாரேன்னு பாறைக்குப் போயிருக்காரு."

பாறை மேடு கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் யார் அழித்தது என்று கேட்பார்கள், அப்பா வந்ததும் பெல்ட் எடுப்பார். மாமா கீழே இறங்கட்டும், அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். மாமா என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலில் ஹாரன்தான் கேட்டது. விடாமல் ஒரே ஹாரன். கல் ஏற்றிய லாரி சரிவில் அந்த வேகத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. கீழே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து எங்கிட்டு ஓடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி பாறைப் பக்கம் ஒடித்துக்கொண்டு போய் மோதியது. பின்னாலிருந்த கல் அத்தனையும் கேபின்மேல் வந்தது.

மாமாவை வெளியே எடுக்க வெகு நேரம் ஆயிற்று. அதை எழுதப்போவதில்லை. எதையும் கோமாளித்தனமாகச் சொல்லிப் பழகிய என் வாய்க்கும் ஒரு எல்லை உண்டு.

அப்பா பதினொரு மணி பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தார். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய வாஷர் செட். பூஜைக்கு அடைத்திருந்த கடையை அன்று காலையில் திறக்கவைத்து வாங்கியிருக்கிறார். அதற்குள் போலீஸ் வந்திருந்தது, முதலாளி வந்திருந்தார், கீரமங்கலத்திலிருந்து திரும்பியிருந்த அத்தையையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"முந்தா நாளு வண்டியப் பாத்தது நீங்கதான? பழுதுன்னு எழுதுனீங்களா இல்லயா?" என்று முதலாளி கேட்டார்.

"நா எழுத்து எதையும் பாக்கலங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார் மேஸ்திரி.

அப்பா வாயைத் திறந்தார். காலடியில் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றில் சந்தனப் பட்டை இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். என் கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"எழுதலங்க" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு விட்டுட்டேன்."

தரையில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தாள். "எந்த ஊரு வண்டிக்கெல்லாமோ எழுதுனியேண்ணே. எம்புருசன் ஏறுற வண்டிக்கு எழுத ஒனக்குக் கை வரலயா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அவருக்கு வந்த கடைசி அண்ணே அதுதான்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், அப்பாடா என்று தோன்றியது. எழுதவே இல்லை என்று எழுதியவரே சொல்லிவிட்ட பிறகு, நான் அழித்தது எதை? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இரண்டு மூன்று நாளில் அந்த நிம்மதியின்மேல் ஒரு கோபமும் வந்தது. பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்கிறவர், போலீசுக்கு முன்னாலேயே பொய் சொல்கிறாரே! அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, "எங்கப்பா பொய் சொன்னாரு சாமி" என்று ஆரம்பித்தேன். அடுத்தவர் பாவம் வேண்டாம், உன்னுடையதைச் சொல் என்றார் சாமியார். நேர்மையாக யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

குவாரி வேலை போயிற்று. கேஸ் கொஞ்ச காலம் நடந்தது. அப்பா கீரனூரில் ஒரு கடையில் மோட்டார் பம்பு கழற்றி மாட்டும் வேலைக்குப் போனார். பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடிப் பேசும் இடத்துக்குப் போவதை நிறுத்தினார். எதுவும் சொல்லி அனுப்பாமல் அத்தை வீட்டுக்கு வருடா வருடம் ஒரு சின்ன மூட்டை நெல் அனுப்புவார். தூக்கிக்கொண்டு போவது நான். போன வேகத்தில் திருப்பி என் தலையிலேயே ஏற்றிவிடுவாள் அத்தை. நான் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் ஒரே கோவிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பூசை பார்த்தார்கள்.

அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெல்ட்டும் எடுக்கவில்லை. எழுதாமல் விட்டவன் மனுசனே இல்லை என்று சொன்ன ஆள், அந்த மனுசனில்லாதவனாகத் தன்னை எழுதிக்கொண்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நடமாடினார் என்பது எனக்குப் புரிவதற்குள் எனக்கே தலை நரைத்துவிட்டது. புரிந்த பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். அதுவும் ஒரு திட்டம்தான்.

போன வருடம் அப்பா இறந்தார். அத்தை வரவில்லை. வந்தவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், அவளும் லேசாகச் சிரித்தாள். அப்புறம் ஈரச் சாக்கையும், சந்தனத்தையும், மேட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடலை உடைந்துகொண்டே இருந்தது.

"அவருக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும் அத்தை. அன்னைக்கே தெரியும்."

முறத்தைத் தள்ளி வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கண்ணன மண்ணுக்குள்ள வைக்கிறதுக்கு முந்தி இந்த வாயத் தொறந்திருந்தா, நா வந்து ஒரு தடவ அழுதிருப்பேன்லடா."