சாத்தான்குளத்துக் காப்பியும் டர்போ காரும்

எழுபதுகளின் கடைசியில், நாங்கள் தூத்துக்குடியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவருக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை. ஊரைப் பார்த்துக் கிளம்பிய எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதில் டர்போ உண்டு. புகை வெளியேறுகிற வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றவைத்து இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளுகிற சங்கதியாம். எனக்குத் தெரிந்தது அதன் சத்தம்தான். நாளாக நாளாகச் சத்தம் கூடியது. அவருக்குப் பெருமையும் கூடியது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆறு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு சாத்தான்குளத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போவோம். போகும்போது நன்றாகத்தான் இருப்பேன். சாயங்காலம் திரும்பும்போது தலை பிளக்கும், குமட்டும். நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தால் ஒன்றும் செய்யாது.

"ஒங்க வீட்டுக்குப் போனா வராத தலவலி, எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் வருதோ?" என்று கேட்டார் அவர். நான் நடிக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கோ மாமியார் மேல் சந்தேகம். கிளம்புமுன் அவர் தருகிற காப்பியில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கென்று தனி டம்ளர் வேறு! நான் எப்போதும் அப்படித்தான். பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று பாலைத்தான் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு அந்தக் காப்பியை யாருக்கும் தெரியாமல் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டுக் காரில் ஏறினேன். மாமியார் வழக்கம்போல வழியனுப்பக் கார் வரைக்கும் வந்தார்.

"கண்ணாடிய ஏத்துளா. சாயங்காலக் காத்து பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி, இரண்டு பக்கமும் முழுக்க ஏறும்வரை நின்று பார்த்தார். வீடு போய்ச் சேரும்வரை இறக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

முள்ளக்காட்டு உப்பளம் வருவதற்குள் தலைவலி வந்துவிட்டது. காப்பிதான் குடிக்கவில்லையே! திகைத்துப்போய் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். கார் குலுங்கினாலே சிணுங்குகிறவன், அசையாமல் கிடந்தான். கன்னத்தைத் தட்டினேன். கண் திறக்கவில்லை. கையைத் தூக்கி விட்டேன். துவண்டு விழுந்தது.

"வண்டிய நிறுத்துங்க!"

"தூங்குதான்ளா. ஏன் கெடந்து அலறுத?"

ஓடுகிற காரின் கதவைத் திறந்தேன். அவர் பதறி பிரேக் போட்டார். பிள்ளையோடு குதித்து உப்பளக் காற்றில் நின்றேன். 'ஆண்டவரே' என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. உயிரே போய்விட்டது எனக்கு. கடைசியில் அவன் லேசாக முனகினான், பிறகு வீறிட்டு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன்.

அழுது முடித்தபோது என் தலை தெளிந்திருந்தது. கார் இன்னும் உறுமிக்கொண்டு நின்றது. என் சந்தேகம் மாமியாரை விட்டுக் காரின் மேல் தாவியது.

"ஒங்களுக்குத் தல வலிக்கலியா?" என்று கேட்டேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வலிக்கத்தான் செய்யுது. ஆபீஸ் நெனப்புன்னு இருந்துட்டேன்."

அன்றைக்கு அதற்குப் பிறகு நான் காரில் ஏறவில்லை. பிள்ளையோடு பஸ்ஸில் வந்து நேரே டாக்டரிடம் காட்டினேன். வெளிக்காற்றுக்கு உடனே கொண்டுவந்ததால் பிழைத்தான் என்றார்.

மறுநாள் லாஞ்ச் என்கிற மோட்டார் படகுகளின் இன்ஜின் பார்க்கிற பட்டறைக்கு நானும் கூடப் போனேன். இன்ஜினோடு புகைக்குழாய் சேருகிற இடத்திலும் டர்போ சேருகிற இடத்திலும் புகை கசியாமல் நடுவில் வைத்திருந்த கேஸ்கட்டுகள் தீய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த வழியாகக் கசிந்த புகை, காலடித் தகட்டு ஓட்டையில் புகுந்து உள்ளே வந்திருக்கிறது. போகும்போது கண்ணாடி இறங்கியிருந்ததால் அது தங்கவில்லை, திரும்பும்போது ஏற்றிவிட்டதால் உள்ளேயே அடைந்துவிட்டது. அவர் பெருமைப்பட்ட சத்தமும் அந்தக் கசிவுதான்.

"இந்தக் காருக்கு கேஸ்கட் எங்கன போயி வாங்க, அண்ணாச்சி? லாஞ்சுக்குப் போடுத ஷீட்டுல வெட்டிருவோம்" என்றார் மெக்கானிக். ஷீட்டைக் குழாய் சேருகிற இடத்தின் மேல் வைத்து, ஓரம் பார்த்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார். போல்ட்டை முடுக்கி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி முடுக்கினார். தகட்டு ஓட்டையையும் அடைத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"இன்ஜின ஓடவிட்டு, கண்ணாடிய ஏத்திட்டு நீங்க உள்ள உக்காருங்க" என்றேன் என் கணவரிடம். பாவம், ஏறி உட்கார்ந்தார். நான் கண்ணாடியைத் தட்டித் தட்டி, "தல வலிக்கா?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். மெக்கானிக் சிரிப்பை அடக்கமுடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் இப்போது சாதுவாக ஓடியது. சத்தம் போனதில் என் கணவருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு மாமியார் தந்த காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். விஷயம் கேட்டதிலிருந்து அவர் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. கிளம்பும்போது கார் அருகில் வந்தார். "கண்ணாடிய எறக்கி விடுளா, முழுசா எறக்கி விடு" என்றவர், தன் முந்தானையைக் கிழித்துப் பிள்ளையின் காதைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

பையனுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் எந்தக் காரில் ஏறினாலும் நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். அன்று என் பிள்ளையை அழவைத்த அந்த வெளிக்காற்று முகத்தில் பட்டால்தான் எனக்கு நிம்மதி.