பண்ணை பூட்ஸும் என் கையெழுத்தும்

எங்கள் தொழிலில் மனிதர்களைவிட அவர்கள் மிதித்ததும் நெம்பியதும்தான் அதிகம் பேசும். தடயவியலில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். ஆபீஸில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தூக்கம் கெட்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே சாதி.

கோழிக்கு ஆகாது

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. யாரோ தீவனக் கிடங்கின் பூட்டை உடைத்து, தடுக்க வந்த காவல்காரரை மண்டையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். கொட்டிக் கிடந்த தீவனத் தூளில் ஒரு பூட்ஸ் தடம் பதிந்திருப்பதாகத் தகவல்.

கேட்டிலேயே சூப்பர்வைசர் எங்களை மறித்தார். காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே வரிசையாக இருந்த பண்ணை ரப்பர் பூட்ஸில் ஏதாவது ஒன்றை மாட்டி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் போக வேண்டுமாம். உள்ளே பிணம் கிடக்கிறதே என்றேன். அவர் அசையவில்லை.

“ஆரா இருந்தாலும் இதப் போட்டுட்டுத்தானுங்க போகோணும். கோழிக்கு நோவு வந்துருமுங்க.”

ஒத்துப்போனது

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரு ஜோடி பூட்ஸ் அனுப்பினார். பண்ணைக் கூலியாள் ராசுவின் காலிலிருந்து கழற்றியது. இடது குதிகாலில் பிறை மாதிரி ஒரு வெட்டு. நான் எடுத்த தடத்தின் படத்திலும் அதே வெட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ‘தடம் இந்த பூட்ஸினுடையதே’ என்று எழுதி நீட்டிவிட்டேன். உடைந்த பூட்டும் கூடவே வந்திருந்தது. அதை எதைக் கொண்டு உடைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பி, கடப்பாரை எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார்:

“இது போதும் மேடம். ஆளை ரிமாண்ட் பண்ணியாச்சு.”

மேஜைமேல் ஒரு செருப்பு

மூன்று மாதம் கழித்து ராசுவின் மனைவி பூங்கொடி, இரண்டு பஸ் மாறி, சேலத்தில் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அதே பண்ணையில் முட்டை பொறுக்குபவர். பையிலிருந்து தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ராசுவின் செருப்பு, அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று பண்ணை கேட்டில் கழற்றிவிட்டபடியே கிடந்ததாம். வழக்கைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது என்று அனுப்பிவிடத்தான் வாயெடுத்தேன்.

“அந்த பூட்சு பண்ணையோடதுங்கம்மா. அன்னாடம் ஆரு கைக்கு எது சிக்குதோ அதத்தான் மாட்டுவாங்க. நீங்களும் அன்னிக்கு அப்படித்தானுங்களே உள்ள போனீங்க?”

பூட்டு

அவர் சொன்னது சரிதான். நான் மாட்டிக் கழற்றிய பூட்ஸ் எது என்று எனக்கே நினைவில்லை. மேலதிகாரியிடம் தப்பை ஒப்புக்கொண்டு, பண்ணையிலும் அங்கே நிற்கும் வண்டிகளிலும் உள்ள கம்பி, கடப்பாரை அத்தனையும் அனுப்பச் சொல்லி இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் போட்டேன். பூட்டிலிருந்த கீறல், சூப்பர்வைசரின் வேனில் கிடந்த டயர் நெம்பும் லீவரின் முனையோடு நுண்ணோக்கியில் கோடு பிசகாமல் சேர்ந்தது. இந்த முறை, ‘லீவர் இதுதான், பிடித்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது’ என்றும் சேர்த்து எழுதினேன்.

விசாரணையில் சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டார். தீவனத்தைத் திருடி விற்றுவந்தாராம், வெளியாள் வேலை போலத் தெரியப் பூட்டை நெம்பும்போது காவல்காரர் வந்துவிட்டாராம். ராசு வெளியே வந்தார். கோர்ட் வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

“பரவால்லீங்க. இப்ப எந்தப் பண்ணையிலயும் வேலைக்குச் சேக்க மாட்டேங்கறாங்க. செருப்பக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாலயே பேரக் கேக்கறாங்க.”

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தடங்களுக்கு உரியவரைக் கண்டுபிடித்திருக்கிறேன், ராசுவின் பேரில் நான் பதித்த தடத்தை அழிக்க மட்டும் எங்கள் லேபில் மருந்தில்லை.