கேட்டும் கேளாததுபோல்

திருவனந்தபுரம் கரமனையில் உள்ள ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை விடுப்பு எடுத்ததால், ஒரு நாள் மட்டும் ஏழாம் வகுப்புக்கு மாற்று ஆசிரியையாக நான் போனேன். பாடம் வாசிக்க முத்துலட்சுமியை எழுப்பினேன். திருநெல்வேலியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். அவள் வாய் திறந்ததுமே பின் பெஞ்சிலிருந்து ரேஷ்மா, "பாண்டி!" என்று கத்தினாள். தமிழர்களை மட்டம்தட்ட இங்கே சொல்கிற வார்த்தை. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகளே சிரித்தார்கள். ஒரு நாள் வேலைதானே, நமக்கெதற்கு வம்பு என்று போர்டு பக்கம் திரும்பி அருஞ்சொற்பொருள் எழுதத் தொடங்கினேன்.

அலறல் கேட்டுத் திரும்பினால், முத்துலட்சுமி ரேஷ்மாவின் முடியைப் பிடித்துத் தலையை டெஸ்கில் மோதிக்கொண்டிருந்தாள். ரேஷ்மா ஸ்டீல் பாட்டிலால் அவள் நெற்றியைப் பிளந்துவிட்டாள். ரத்தம் வழிய வழிய முத்துலட்சுமி காம்பஸை எடுத்து ரேஷ்மாவின் முகத்தில் குத்த ஓங்கினாள். ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன். முனை என் உள்ளங்கையில் இறங்கியது. இல்லையென்றால் ரேஷ்மாவின் கண் போயிருக்கும்.

"டீச்சரே, சத்தியமாயிட்டும் தமாசுக்குத்தான் சொன்னேன்" என்றாள் ரேஷ்மா.

முத்துலட்சுமி என்னைத்தான் பார்த்தாள். "நீங்களும் கேட்டீங்கல்லா டீச்சர்? ஏன் ஒண்ணுமே சொல்லல?"

அவள் நெற்றிக்கும் என் கைக்கும் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள்.

இப்போதெல்லாம் எந்த வகுப்பிலும் அப்படியொரு சொல் காதில் விழுந்தால், பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறேன். சொன்னவரிடம் பேசித் தீர்த்த பிறகுதான் அடுத்த வரி.