ஜெபம் முடிந்ததும் நின்றுபோகும் நெட்வொர்க்

இயேசுவை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. பிரசங்கத்தின் நடுவில் நாலு தடவை எழுந்து வெளியே போகிறவள் நான். அப்படிப்பட்டவளை ஆண்டவர் எப்படி உட்கார வைத்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்கள். அருமனையில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய சூட்கேஸ் கிடந்தது. என் நாத்தனார் வாங்கி வைத்தது. குவைத்தில் வீட்டு வேலைக்கு எனக்கு விசா ஏற்பாடாகியிருந்தது. கணவர் இறந்தபின் நானும் மகள் ஜெனியும்தான். நான் போய்விட்டால் அவள் நாத்தனார் வீட்டில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை. அந்த சூட்கேஸ் கண்ணில் படாமலிருக்கக் கட்டில் விரிப்பைத் தரைவரை இழுத்துவிடுவேன்.

போகாமலிருக்க எனக்கு இருந்த ஒரே வழி, மார்த்தாண்டத்தில் படித்த நெட்வொர்க் படிப்பு. கல்லூரிப் பையன்களோடு உட்கார்ந்து, கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கப் படித்தேன். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் நிற வரிசையில் அடுக்கி முனையை மாட்டுவதற்குள் விரல் புண்ணாகிவிடும். ஆனாலும் பிடித்தது. ஓடிக்கொண்டே செய்கிற வேலை அல்லவா? படிப்பு முடிந்ததும் பக்கத்து ஊரில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கட்டடம் முழுக்க நானே கேபிள் இழுத்தேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பெரிய டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் சோதனை வந்தது. தினமும் காலையில் நோயாளிகளுக்குச் சீட்டு போடத் தொடங்கும் நேரத்தில் நெட்வொர்க் முழுவதும் நின்றுவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு லேபிலிருந்து டாக்டர் மேஜைக்கு வராது. வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். நான் லேபுக்கு ஓடுவேன், மாடிக்கு ஓடுவேன், முனைகளை வெட்டி எறிந்து புதிதாகப் போடுவேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாலும் வராது. மதியம் தானாகவே சரியாகிவிடும். ஹாலில் கூட்டம் குறைந்தபின் அங்கேயும் தேடுவேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும். என் தலையைத்தான் சுவரில் முட்ட வேண்டும் போலிருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனி மட்டும், "அம்மா போவாண்டாம்னு நான் ஜெபம் பண்ணுதேன். நீ வேலையப் பாரு" என்றாள். நானும் ஜெபிக்காமல் இல்லை. ஏணியில் நின்றுகொண்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஜெபித்தேன்.

ஒரு வியாழக்கிழமை பெரிய டாக்டர் கூப்பிட்டார். "மக்கா, எனக்கும் வெசனமாத்தான் இருக்கு. நாளைக்கும் நின்னு போச்சுன்னா திருவனந்தபுரத்துல இருந்து கம்பெனிக்காரங்கள வரச் சொல்லணும், கேட்டியா? இனி நோயாளியள காக்க வைக்க முடியாது" என்றார். எனக்கு அந்த சூட்கேஸ்தான் கண்முன் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு போடுமுன் ஹாலில் ஜெபம் நடப்பது வழக்கம். ஊழியர்களும் நோயாளிகளும் சேர்ந்து உட்காருவார்கள். நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த நேரம் மாடியில் கேபிளைத் தடவிக்கொண்டிருப்பேன். மறுநாள் தடவுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆண்டவரே, தேடி ஓய்ந்துபோனேன், இனி நீர்தான் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் அழுதேன்.

முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். எனக்கு மூட வரவில்லை. கண் அலைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். பாட்டு வரிகளை டிவியில் காட்டும் லேப்டாப்பை வார்டுக்குக் கொண்டுபோக, நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் அவசரமாகக் கழற்றினார். அதிலிருந்து உருவிய கேபிள் முனையைப் பக்கத்திலிருந்த சுவிட்ச் பெட்டியில், காலியாக இருந்த ஓட்டையில் சொருகினார். கேபிள்களையெல்லாம் ஒன்றுசேர்க்கும் பெட்டி அது. அந்தக் கேபிளின் மறுமுனையும் அதில்தான் இருந்தது. ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால், போன தகவல் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, வேறு எதற்கும் வழிவிடாது. மதியம் சிஸ்டர் வார்டிலிருந்து வந்து லேப்டாப்பைப் பழையபடி மாட்டுவார். எல்லாம் சரியாகிவிடும்.

ஆமென் சொல்லுமுன்னே ஓடிப்போய் அந்த முனையை உருவினேன். வெறிபிடித்தது போல் மின்னிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் அடங்கின.

"ஏன் பிள்ளே, வயர் தொங்கிக் கெடந்தா ஆளு தட்டி விழாதா?" என்றார் சிஸ்டர். "ஒரு ஓட்ட சும்மா கெடந்துது. ஒதுக்கமா இருக்கட்டும்னு சொருகி வச்சேன்."

"நல்லதுக்குத்தான் செஞ்சிய சிஸ்டர்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறையிலிருந்து, "லேப் ரிசல்ட் வந்துட்டு" என்று குரல் கேட்டது. அன்று முழுவதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜெனியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. விசா வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். சூட்கேஸில் இப்போது கேபிள் சுருளும் கருவிகளும் இருக்கின்றன. ஜெனிதான் அடுக்கித் தருவாள். காலை ஜெபத்தில் தவறாமல் உட்காருகிறேன். கால் மட்டும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டவர் என் பரபரப்பை எடுத்துப்போடவில்லை. மூட மறுத்த அந்தக் கண்ணுக்குத்தான் வழியைக் காட்டினார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

உங்கள் வாழ்க்கையிலும் ஏதோ ஒன்று தினமும் நின்றுபோய்க்கொண்டிருக்கலாம். தேடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேடுங்கள். ஆனால் கொஞ்ச நேரம் அவர் சமுகத்தில் உட்காருங்கள். கண்ணை மூட வராவிட்டாலும் உட்காருங்கள்.