இல்லாத புரதத்துக்கு விழுந்த பட்டை

இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் புரதம் ஒன்றைத் தேடித்தான் திருவனந்தபுரத்தில் என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் குப்பை கொட்டினேன். கையில் இருந்த ஒரே ஆயுதம் ஆன்டிபாடி. முயலின் இரத்தத்திலிருந்து எடுப்பது. ஒரு துளிதான் வரும், குப்பியைத் தட்டினால்தான் உள்ளே ஏதோ இருப்பது தெரியும். ஆயிரம் புரதங்களுக்கு நடுவே அது தன் ஆளை மட்டும் பிடிக்க வேண்டும். ஃபிலிமில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு லேன், அதாவது ஒரு வரிசை; பிடித்த இடத்தில் கறுப்புப் பட்டை விழும். எனக்கு ஒழுங்காகவே விழுந்தது. உப்புத் தின்ற எலியின் சிறுநீரகத்தில் தடித்து, தின்னாத எலியில் மெலிந்து. அதை நம்பி தீசிஸில் பாதியை எழுதிவிட்டேன்.

பிறகு, அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கவைத்த எலியின் சிறுநீரகம் வேறொரு லேபிலிருந்து ஐஸில் வந்தது. அதில் பட்டை விழக் கூடாது. சடங்குக்காகத்தான் அதையும் சோதனையில் ஓட்டினேன். விழுந்தது, நல்ல கறுப்பாக.

என் கைடு மேடம் அந்த ஊர்க் கோட்டை அக்ரகாரத்துக்காரர். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாம்பிளை மாத்தி எடுத்துண்டியோ?"

"இல்ல மேடம். திரும்பத் திரும்ப ஓட்டியாச்சு. இந்த ஆன்டிபாடி வேற எதையோ பிடிக்கு. எதைன்னு அதுக்கே தெரியாது."

பக்கத்து பெஞ்சு மலையாளித் தோழி என் முதுகில் கிள்ளினாள். "எடீ, மிண்டாதிரி."

நான் வாயை மூடுகிற ரகமில்லை.

"லோகத்துல எல்லாரும் இதைத்தானே யூஸ் பண்றா," என்றார் மேடம்.

"அப்ப எல்லாருக்கும் தப்புதான்."

"சப்மிஷன் நேரத்துல இந்த ஒரு லேனைக் காட்டலேன்னா என்ன கொறைஞ்சு போறது?"

"அப்ப தீசிஸ்ல உங்க பேரைப் போட்டுக்கிடுங்க மேடம். நான் நாகர்கோவில் பஸ் ஏறுகேன்."

மேடம் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் ஆன்டிபாடி விற்ற கம்பெனிக்குத் திட்டி எழுதினேன். வருந்துகிறோம் என்று இன்னொரு குப்பியை இலவசமாக அனுப்பினார்கள். அதே முயல், அதே சரக்கு. மேடம் அதைப் பிடுங்கிக்கொண்டு, பல வருஷம் தொடாத பிப்பெட்டை எடுத்துத் தானே ஓட்டினார். புரதம் இல்லாத எலியில் அவருக்கும் பட்டை விழுந்தது.

"அந்தப் பாதியைத் தூக்கிடு," என்றார். "இந்த ஃபிலிமைப் போடு. எல்லா லேனும் இருக்கட்டும்."

"சப்மிஷன்?"

"தள்ளிப் போகும். ஆத்துல திட்டினா என்னைப் பேசச் சொல்லு."

பாதி தீசிஸ் சில பக்கங்களாகச் சுருங்கியது. வைவாவுக்குத் தேர்வாளராக வந்த பெரியவர் அந்தப் பக்கங்களை விட்டு நகரவே இல்லை. அவருடைய லேபிலும் இதே ஆன்டிபாடிதானாம். இதைச் சந்தேகப்பட எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"தோணினதெல்லாம் இல்ல சார். புரதம் இல்லாத எலியில ஓட்டிப் பாத்தேன். நீங்க பாக்கலியா?"

மேடம் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். பட்டம் கிடைத்தது.